கடைசிச் சுற்று – 9 : யார் இந்த 722?

ரான் கிளார்க்கைத் தொடக்கக் கோட்டில் நிறுத்திவிட்டுத்தான் சென்ற வாரம் பிரிந்தோம். 1964 அக்டோபர் 14, டோக்கியோ தேசிய அரங்கம். ஒலிம்பிக் 10,000 மீட்டர் இறுதி ஓட்டம் தொடங்கப் போகிறது. மொத்தம் 25 சுற்று.

உலக சாதனை கிளார்க்கிடம் இருக்கிறது. முந்தைய டிசம்பரில் சொந்த ஊரான மெல்போர்னில் 28 நிமிடம் 15.6 விநாடியில் ஓடி, ரஷ்யரான போலோட்னிகோவிடமிருந்து பறித்தது அது. ஆஸ்திரேலியர்களுக்கு அவரை அதற்கு முன்பே தெரியும். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தீபத்தைக் கையில் ஏந்தி வந்து கொப்பரையில் ஏற்றிய 19 வயதுப் பையன் அவர்தான். மறுநாள் அதே மைதானத்தில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் விளாடிமிர் கூட்ஸ் என்ன செய்தார் என்பதை இந்தத் தொடரில் விரிவாகப் பார்த்தோம். சுற்றுக்குச் சுற்று வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், பின்னால் வந்த கார்டன் பிரியின் மூச்சையும் மனத்தையும் சேர்த்து உடைத்தார். பிரி எட்டாவதாக வந்தார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, தீபம் ஏற்றிய பையன் அதே ஆயுதத்தோடு டோக்கியோவில் நிற்கிறார்.

அந்த ஆயுதம் அவருக்கு ஏன் தேவைப்பட்டது? கிளார்க்கிடம் எல்லாம் இருந்தது, கடைசி 200 மீட்டர் பாய்ச்சல் ஒன்றைத் தவிர. சீரான வேகத்தில் மணிக்கணக்கில் ஓடக்கூடிய உடம்பு. ஆனால் கூட்டமாகக் கடைசி வளைவுக்கு வந்துவிட்டால், அவரைத் தாண்டிப் போகக்கூடியவர்கள் அந்தக் கோட்டிலேயே நான்கைந்து பேர் இருந்தார்கள். ஆகவே கடைசி வளைவு வருவதற்குள் எல்லாரையும் உதிர்த்துவிட வேண்டும். ஒரு சுற்று வேகம், ஒரு சுற்று நிதானம், மறுபடி வேகம். ஓடுகிறவனுக்குத் தன் சக்தியின் எல்லைக்குச் சற்றுக் கீழே ஓடும்வரை வலி தாங்கக்கூடியதாக இருக்கும். அந்த எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் கால் தசையில் அமிலம் சேரும், மூச்சு இரைக்கும். அது தணிவதற்குள் அடுத்த வேகச் சுற்று வந்துவிட்டால்? முன்னால் ஓடுகிறவருக்கு அது எப்போது வரும் என்று தெரியும். பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. கிளார்க் நம்பியது அந்த வித்தியாசத்தைத்தான்.

அவர் யார் யாரைக் கணக்கில் வைத்திருந்தார்? ரோமில் 1960இல் இதே ஓட்டத்தில் தங்கம் வென்ற போலோட்னிகோவ். ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடது கை சூம்பிப்போன பின்னும் ரோமில் 5,000 மீட்டர் தங்கம் வென்ற நியூசிலாந்தின் மரே ஹால்பர்க். 1962இல் பெர்த் காமன்வெல்த் போட்டியில் மூன்று மைல் ஓட்டத்தில் கிளார்க்கை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியவரும் இதே ஹால்பர்க்தான். அமெரிக்காவின் 18 வயது கெர்ரி லிண்ட்கிரன், சில மாதங்களுக்கு முன்புதான் லாஸ் ஏஞ்சலிஸில் ரஷ்யர்களைத் தோற்கடித்திருந்தான். டோக்கியோ வந்த இடத்தில் பயிற்சியின்போது அவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.

அதே அமெரிக்க அணியில் இன்னொருவரும் இருந்தார். சட்டையில் எண் 722. அவரை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

* * *

துப்பாக்கி வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே சமயத்தில் புறப்பட்டார்கள். இந்தக் கூட்டத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிளார்க் தன் வேலையைத் தொடங்கினார். ஒன்று விட்டு ஒன்று வேகச் சுற்று. திட்டம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். போலோட்னிகோவ் பின்தங்கினார். ஹால்பர்க்கும் பின்தங்கினார். வலிக்கும் காலோடு லிண்ட்கிரனும் விலகிப்போனான். பாதித் தூரத்தைக் கிளார்க் 14 நிமிடம் 4 விநாடிச் சொச்சத்தில் கடந்தபோது அது உலக சாதனையைவிடக் கூடுதலான வேகம். அவர் பயந்த பெயர்கள் அத்தனையும் பின்னால் போய்விட்டன. அவரோடு மிஞ்சியவர்கள் நான்கு பேர்: துனீசியாவின் முகமது கமூதி, எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே, ஜப்பானின் கோகிச்சி சுபுராயா, அந்த 722.

இனி அவரைப் பெயர் சொல்லி அழைக்கலாம். பில்லி மில்ஸ், 26 வயது, அமெரிக்கக் கடற்படைப் பிரிவான மரைன் படையில் அதிகாரி. தெற்கு டகோட்டா மாநிலத்தில் பைன் ரிட்ஜ் என்ற பூர்வகுடிகள் ஒதுக்கிடத்தில் பிறந்தவர், ஓக்லாலா லகோட்டா இனத்தவர். அமெரிக்காவின் மிக ஏழ்மையான நிலங்களில் ஒன்று அது. சிறு வயதில் தாயை இழந்தார், 12 வயதில் தகப்பனையும் இழந்தார். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான ஹாஸ்கெல் உறைவிடப் பள்ளியில் சேர்ந்தபோது ஓடத் தொடங்கினார், அங்கிருந்து கன்சாஸ் பல்கலைக்கழகம் போனார். டோக்கியோவுக்கு வரும்வரை அவருடைய சிறந்த நேரம் கிளார்க்கின் சாதனையைவிடக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் அதிகம். 10,000 மீட்டரில் ஒரு நிமிடம் என்பது ஏறக்குறைய முழுச் சுற்று. காகிதத்தில் பார்த்தால், கிளார்க் முடிக்கும்போது மில்ஸ் கடைசிச் சுற்றைத் தொடங்கியிருக்க வேண்டும்.

அந்த மனிதர்தான் பாதித் தூரத்தில் கிளார்க்கின் தோளருகே ஓடிக்கொண்டிருக்கிறார். அந்தப் பாதித் தூரத்தை அவர் ஓடிய நேரம், அவர் தனி ஓட்டமாக 5,000 மீட்டரை ஓடிய சிறந்த நேரத்துக்கு ஒட்டினாற்போல் இருந்தது. இன்னும் அவ்வளவு தூரம் பாக்கி. நின்றுவிடலாம் என்று அப்போது தோன்றியதாக அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு சுற்று முன்னணியில் ஓடிக் காட்டிவிட்டு, பிறகு விலகிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாராம்.

அந்த நேரத்தில் கிளார்க் திரும்பிப் பார்த்தார்.

யார் வருகிறார்கள் என்று அறியத்தான் அவர் திரும்பினார். முன்னணியில் ஓடுகிறவர் எல்லாரும் செய்வதுதான். ஆனால் மில்ஸ் அந்தப் பார்வையில் வேறொன்றைப் படித்தார்: இந்த மனிதனுக்கும் கவலை இருக்கிறது. விலகும் எண்ணத்தை அங்கேயே விட்டார்.

சுபுராயா பின்தங்கினார். பிறகு வோல்டே. இரண்டு சுற்று பாக்கி இருக்கும்போது மூன்று பேர்தான். கிளார்க், மில்ஸ், அவர்களுக்குப் பின்னால் நிழலாகக் கமூதி. மத்தியதரைக்கடல் நாடுகளின் போட்டியில் முந்தைய ஆண்டு நேப்பிள்ஸில் இரண்டு தங்கம் வாங்கியவர் கமூதி. ஆனாலும் உலக சாதனைக்காரருக்கு எதிராக அவர் பெயரைப் பந்தயத்தில் வைக்க அன்று ஆள் இல்லை.

கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது.

* * *

மணிச் சத்தத்தோடு ஓட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். இனி நடக்கப்போவது புரிய வேண்டுமானால் ஒரு நிர்வாக முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டோக்கியோவில் 10,000 மீட்டருக்குத் தகுதிச் சுற்று கிடையாது. பெயர் கொடுத்த அத்தனை பேருக்கும் நேரடி இறுதி ஓட்டம். நான்கு ஆண்டு கழித்து மெக்சிகோவிலும் அப்படித்தான். தகுதிச் சுற்று வந்தது 1972 மியூனிக்கில்தான். தகுதிச் சுற்று இருந்திருந்தால் பத்துப் பதினைந்து பேர் மட்டுமே ஓடியிருப்பார்கள், அவர்களில் சுற்றுக்கணக்கில் பின்தங்குகிறவர்கள் குறைவு. முப்பதுக்கும் மேற்பட்டவர்களை ஒரே தடத்தில் விட்டு, முன்னால் ஓடுகிறவர் உலக சாதனை வேகத்தில் போனால், கடைசிக் கட்டத்தில் தடம் முழுக்கப் பின்தங்கியவர்கள் சிதறிக் கிடப்பார்கள். வேகமாக வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது மரபு. ஆனால் பின்னால் வருகிறவரைக் காண யாருக்கும் முதுகில் கண் இல்லை. தானும் 24 சுற்று ஓடித் தள்ளாடுகிற மனிதருக்குப் பக்கத்தில் யார் வருகிறார் என்று தெரிவதே பெரிய காரியம்.

கிளார்க் தன் எதிரிகளை உதிர்க்க உதிர்க்க, உதிர்ந்தவர்கள் எல்லாரும் அவருக்கு முன்னால் தடத்தில் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அவருடைய திட்டமே அவருக்கு எதிரே தடைகளைக் கட்டிக்கொண்டிருந்தது.

தடமும் சாம்பல் கசடு பரப்பிய பழைய வகை. ஒலிம்பிக்கில் அந்த வகைத் தடம் கடைசியாகப் பயன்பட்டது டோக்கியோவில்தான், மெக்சிகோவில் செயற்கைத் தடம் வந்துவிட்டது. இருபத்து நான்கு சுற்றும் இத்தனை பேரின் முள் ஷூக்கள் உள்விளிம்பைக் குத்திக் கிளறியிருந்தன. வெளிப்பக்க லேன்களில் தரை இறுக்கமாக இருந்தது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மணிக்குத் திரும்புவோம்.

* * *

உள்விளிம்பில் கிளார்க். அவருக்கு வலப்பக்கம், தோளோடு தோளாக மில்ஸ். நேர் முன்னால் ஒரு சுற்றுப் பின்தங்கிய ஓட்டக்காரர் ஒருவர். இடப்பக்கம் புல்வெளி. கிளார்க் போக வழி இல்லை. வேகத்தைக் குறைத்தால் ஒன்றரை ஆண்டு உழைப்பு போகும். வலப்பக்கம் நகர்ந்தால் மில்ஸ்.

கிளார்க் கையால் மில்ஸைத் தட்டினார். விலகச் சொல்லும் தட்டல். மில்ஸ் விலகவில்லை. அடுத்த முறை அது தள்ளலாகிவிட்டது. மில்ஸ் நிலைதடுமாறி இரண்டு மூன்று லேன் வெளியே போனார். விழாமல் சமாளித்துக்கொண்டார், ஆனால் ஓட்டத்தின் தாளம் அறுந்தது.

இருவருக்கும் நடுவே இப்போது ஒரு இடைவெளி. அதற்காகவே காத்திருந்தவரைப் போலக் கமூதி பின்னாலிருந்து வந்தார். ஒரு கை கிளார்க் மேல், ஒரு கை மில்ஸ் மேல். கதவைத் திறப்பதுபோல் இருவரையும் விலக்கிவிட்டு நடுவே புகுந்து போனார். கண்மூடித் திறப்பதற்குள் சில மீட்டர் முன்னிலை.

இந்தத் தள்ளுமுள்ளு பற்றி அன்றிலிருந்து இன்றுவரை சண்டை ஓயவில்லை. மூவரையும் தகுதிநீக்கம் செய்திருக்க வேண்டும் என்றுகூட எழுதியவர்கள் உண்டு. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன் என்ற முறையில் என் கருத்து: கிளார்க்கின் தள்ளலில் வன்மம் இல்லை, இடுக்கில் மாட்டியவரின் அவசரம் இருந்தது. கமூதியின் செயல் கணக்குப் போட்டது. முப்பது பேரை ஒரே தடத்தில் விட்ட அமைப்பாளர்களுக்கு அந்த இரண்டிலும் பங்கு உண்டு.

எதிர்ப்புற நேர்ப்பாதை. கமூதி முதலாவது, கிளார்க் இரண்டாவது, மில்ஸ் மூன்றாவது. பின்தங்கியவர்களுக்கு நடுவே மூவரும் நெளிந்து நெளிந்து ஓடினார்கள். கிளார்க்குக்குப் பாய்ச்சல் இல்லை என்றவர்கள் அந்த 200 மீட்டரைப் பார்க்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இடைவெளியை அங்குலம் அங்குலமாக மூடினார். கடைசி வளைவில் கமூதியைப் பிடித்தே விட்டார். அரங்கமே எழுந்து நின்றது. கமூதி மறுபடி ஒரு உந்து உந்தினார். மறுபடி முன்னிலை. தங்கம் இந்த இருவரில் ஒருவருக்கு.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதன்மை வர்ணனையாளரும் அப்படித்தான் நினைத்தார். முன்னால் ஓடும் இருவரின் பெயரையே மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிக் பேங்க், தடகளம் அறிந்தவர், வேறெங்கோ பார்த்தார். திடீரென்று வர்ணனைக்கு நடுவே புகுந்து, மில்ஸைப் பாருங்கள், மில்ஸைப் பாருங்கள் என்று கத்தத் தொடங்கினார்.

மில்ஸ் வெளிப்பக்க லேனில் வந்துகொண்டிருந்தார். கிளறப்படாத இறுக்கமான தரை. கடைசி வளைவு தாண்டி நேர்ப்பாதைக்குள் நுழைந்தபோது ஒரு ஜெர்மன் ஓட்டக்காரர், பின்தங்கியவர்களில் ஒருவர், சற்று வெளியே நகர்ந்து வழிவிட்டாராம். அவருடைய சட்டையில் கழுகுச் சின்னம் தெரிந்ததாக மில்ஸ் சொல்வார். தாய் இறந்த துக்கத்தில் இருந்த சிறுவனிடம் தகப்பன், உனக்கு இப்போது சிறகு ஒடிந்திருக்கிறது, ஒரு நாள் கழுகின் சிறகு முளைக்கும் என்று சொல்லித் தேற்றியிருந்தார். முப்பது மீட்டர் பாக்கி இருக்கும்போது அந்தச் சின்னம் கண்ணில் பட்டதும் அதுதான் நினைவுக்கு வந்தது என்கிறார். ஓட்டத்தின் படத்தில் அவர் முகத்தைப் பார்க்கிறவர்கள் இதை நம்ப மறுக்க மாட்டார்கள்.

மில்ஸ் கிளார்க்கைத் தாண்டினார், கமூதியையும் தாண்டினார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நாடாவை அறுத்தார். 28 நிமிடம் 24.4 விநாடி, புதிய ஒலிம்பிக் சாதனை. தன் சிறந்த நேரத்தை ஒரே ஓட்டத்தில் கிட்டத்தட்ட முக்கால் நிமிடம் குறைத்துவிட்டார். கமூதி 28:24.8, கிளார்க் 28:25.8. பத்தாயிரம் மீட்டர் ஓடிய மூவருக்கும் இடையே 1.4 விநாடி.

ஒரு ஜப்பானிய அதிகாரி ஓடிவந்து மில்ஸிடம் கேட்ட முதல் கேள்வி: நீங்கள் யார்? மில்ஸுக்கு நெஞ்சு அடைத்தது. சுற்றுக்கணக்கில் தப்புச் செய்துவிட்டோமோ, இன்னும் ஒரு சுற்று பாக்கியோ என்று பயந்துவிட்டார். முடிந்துவிட்டதா என்று திருப்பிக் கேட்டார். முடிந்துவிட்டது.

மில்ஸைப் பற்றி முன்பே கவலைப்பட்டீர்களா என்று நிருபர்கள் கேட்டபோது, அப்படி ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்றார் கிளார்க். அதில் கர்வம் எதுவும் இல்லை, உண்மை அதுதான்.

கிளார்க் திட்டம் தப்பு என்று எழுதியவர்களை நான் ஏற்க மாட்டேன். அவர் உடைக்க நினைத்த அத்தனை பேரையும் உடைத்தார். அவர்களைப் பற்றி அவர் எடுத்த குறிப்புகள் சரி, வேகம் சரி. உடைக்க முடியாத இருவர், அவர் படித்த எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள். அடுத்த ஆண்டு கிளார்க் ஆஸ்லோவில் 27 நிமிடம் 39.4 விநாடியில் ஓடி, 28 நிமிடத்துக்குள் 10,000 மீட்டரை முடித்த முதல் மனிதர் ஆனார். அங்கே கடிகாரம் மட்டும்தான் எதிரி. ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. 1966இல் ப்ராக் நகரில் எமில் சாட்டோபெக் தன் தங்கங்களில் ஒன்றைக் கிளார்க்குக்குப் பரிசாகக் கொடுத்தார். அது தனி அத்தியாயம்.

* * *

மில்ஸ் நாடாவை அறுத்தபோது ஓட்டம் முடிந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். பின்தங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கூட்டம் தண்ணீர் குடித்தது, பேசிக்கொண்டது. தடத்தில் இன்னும் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். எண் 67. இலங்கை ராணுவத்தைச் சேர்ந்த ரணதுங்க கருணானந்த.

மில்ஸ் முடித்தபோது அவருக்கு நான்கு சுற்றுக்கு மேல் பாக்கி. மற்ற அனைவரும் முடித்துவிட்டார்கள், அல்லது விலகிவிட்டார்கள். விலகியவர்களில் பெரிய பெயர்களும் உண்டு. இவர் மட்டும் தனியாகச் சுற்றுகிறார். முதலில் சிரித்தார்கள். இந்தச் சுற்றோடு நிறுத்திவிடுவார் என்று காத்திருந்தார்கள். கோட்டைத் தாண்டி அடுத்த சுற்றுக்குள் போனார். சிரிப்பு அடங்கியது. அதற்கு அடுத்த சுற்றில் ஒரு பகுதியில் கைதட்டல் கேட்டது, பிறகு அது அரங்கம் முழுக்கப் பரவியது. கடைசி நேர்ப்பாதையில் அவர் வேகத்தைக் கூட்டி ஓடியபோது, மில்ஸுக்குக் கிடைத்த ஆரவாரத்துக்குக் குறையாத ஆரவாரம். 34 நிமிடம் 21.2 விநாடி. வெற்றியாளருக்குப் பின் கிட்டத்தட்ட ஆறு நிமிடம்.

தன் நாடு தன்னை ஓடி முடிக்க அனுப்பியது, அதனால் முடித்தேன் என்பதுதான் அவர் கொடுத்த விளக்கத்தின் சாரம். ஜப்பானியர்கள் அவரை மறக்கவில்லை. 67ஆம் எண்ணின் கதை அவர்களுடைய பள்ளிப் பாடநூலில் பாடமாக ஏறியது. கருணானந்த 1974இல் நீரில் மூழ்கி இறந்தார்.

தகுதிச் சுற்று இருந்திருந்தால் அவர் அந்த இறுதி ஓட்டத்தில் இருந்திருக்கவே மாட்டார். கிளார்க்கின் வழியை அடைத்த அதே நிர்வாக முடிவுதான் கருணானந்தவைத் தடத்தில் நிறுத்தியது. கிளார்க்குக்காக நான் வருந்துகிறேன். ஆனால் அந்த முடிவை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

* * *

கிளார்க்கின் பாதித் தூரக் கூட்டத்தில் இருந்த ஐவரில் ஒருவரை நாம் வழியில் விட்டுவிட்டு வந்தோம். கோகிச்சி சுபுராயா. ஃபுகுஷிமா மாவட்டத்துக்காரர், ஜப்பானியத் தற்காப்புப் படையின் வீரர், 24 வயது. அன்று ஆறாவதாக வந்தார். அவர் வேலை இன்னும் முடியவில்லை.

ஏழே நாள் கழித்து, அக்டோபர் 21, மராத்தான். அந்த ஆண்டுதான் சுபுராயா முதன்முதலாக மராத்தான் தூரம் ஓடிப் பார்த்திருந்தார். 1936 பெர்லினுக்குப் பிறகு தடகளத்தில் ஜப்பானுக்கு ஒலிம்பிக் பதக்கமே இல்லை. சொந்த மண்ணில் நடக்கும் போட்டியில் தடகளம் முடியும் நாள் அது, கணக்கில் இன்னும் பூஜ்யம்.

எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா நான்கு நிமிடம் முன்பே ஓடி முடித்து, புல்தரையில் படுத்துக் காலை நீட்டி மடக்கி உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கிறார். அடுத்தது யார் என்று அரங்கமே சுரங்க வாயிலைப் பார்க்கிறது. வெளியே வந்தவர் சுபுராயா. வெள்ளிப் பதக்கத்துக்கு இன்னும் ஒரு சுற்றுகூடப் பாக்கி இல்லை. ஓடும்போது ஒருபோதும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சிறுவயதில் தகப்பன் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இன்றும் அவர் திரும்பவில்லை.

அவருக்குச் சில மீட்டர் பின்னால் அதே வாயிலிலிருந்து இங்கிலாந்தின் பேசில் ஹீட்லி வெளியே வந்தார். நான்கு மாதங்களுக்கு முன்பு மராத்தானில் உலகின் மிகச் சிறந்த நேரத்தை ஓடியவர் அவர்.

(அடுத்த வாரம்: திரும்பிப் பார்க்காதவர்)